கம்பிக் கணக்கு, லேசர் மட்டம், தேய்ந்த ரேகை: சைட் கேள்விகளுக்குப் பதில்

கட்டட வேலையில் கைபேசி, கணினி, லேசர் கருவி பற்றி மட்டும் கேளுங்கள். விரிசலுக்கும் வாஸ்துவுக்கும் ஆள் நான் இல்லை.

சிறு ஒப்பந்ததாரர், ஈரோடு: கம்பிக் கணக்கை எக்செல்லுக்கு மாத்தினா நிஜமாவே மிச்சமா சார்? எங்க ஆள் கண்ணளவிலேயே வெட்டுறார்.

மிச்சம் ரிங்கில்தான் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) தெரியும். 230 × 450 மி.மீ. பீம், கவர் (ரிங்குக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்) 30, 8 மி.மீ. ரிங் என்று வைப்போம். ரிங்கின் வெளி அளவு 170 × 390, சுற்றளவு 1120. இரண்டு கொக்கிக்கு 10d (d என்பது கம்பியின் விட்டம், இங்கே 8) வீதம் 160 கூட்டுங்கள். 90 டிகிரி வளைவு மூன்றுக்கு 2d வீதம் 48, 135 டிகிரி வளைவு இரண்டுக்கு 3d வீதம் 48 கழியுங்கள். வெட்டு நீளம் 1184 மி.மீ. 12 மீட்டர் கம்பியில் பத்து ரிங், துண்டு 16 செ.மீ. 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று 1250-க்கு வெட்டினால் ஒன்பதுதான் வரும், முக்கால் மீட்டர் வீண். நூறு ரிங்குக்குப் பத்துக் கம்பி போதும் என்ற இடத்தில் பன்னிரண்டாவதையும் எடுக்க வேண்டிவரும்.

எக்செல்லில் வழக்கமான தவறு, சூத்திரத்துக்குள் 8 என்றே அடித்துவிட்டு 10 மி.மீ. வரிசைக்கும் அதையே இழுப்பது. d-க்குத் தனி காலம் வையுங்கள். முதல் ரிங்கை வளைத்து, பீமின் அச்சுப் பெட்டிக்குள் போட்டுப் பார்த்த பிறகு மீதியை வெட்டச் சொல்லுங்கள். எந்த ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) டிராயிங்கிலிருந்து எடுத்த கணக்கு என்று ஷீட்டின் தலையிலேயே எழுதுங்கள்.

திருப்பூர்: இலவச ஆப் எது நல்லது?

எதற்கு?

மேற்பார்வையாளர், ஓசூர்: விரல்ரேகை மெஷின் பாதிப் பேருக்கு வேலை செய்யல. கம்பெனியைத் திட்டலாமா?

சிமெண்டைத் திட்டுங்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும், செங்கல்லும் கம்பியும் மிச்ச ரேகையைத் தேய்க்கும். கலவை கலக்குபவர், கொத்தனார் இருவருக்கும் விரலை நம்பாதீர்கள். முகம் அல்லது அட்டை வையுங்கள். முகக் கருவிக்குப் பின்வெளிச்சம் ஆகாது. ஆள் நிற்குமிடத்துக்குப் பின்னால் காலை வெயில் அடித்தால் முகம் இருட்டாகி மறுக்கும், நிழலில் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும். மெஷின் மறுத்ததற்காக அரைநாள் கூலியைப் பிடிப்பது அநியாயம்.

பொறியாளர், மதுரை: டிராயிங்கை வாட்ஸாப்பில் போட்டோவா அனுப்புறோம், அளவு தெரியல.

போட்டோவாகப் போட்டால் சுருக்கிவிடும். பிடிஎஃபை டாக்குமெண்டாக அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன், ரிவிஷன் எண் இல்லாத டிராயிங் சைட்டுக்குள் வரக்கூடாது. பழைய தாளைக் கிழித்த பிறகே புதியதை ஒட்டுங்கள்.

கரூர்: நல்ல ஆப் சொல்லுங்க.

மேலே பாருங்கள்.

மேஸ்திரி, தஞ்சாவூர்: லேசர் மட்டம் எல்லாம் வேடிக்கை. தண்ணி நிரப்பின டியூப் மட்டத்தை அடிச்சுக்க முடியாது. தண்ணி பொய் சொல்லாது தம்பி.

தண்ணீர் சொல்லாது அண்ணே, டியூபுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ் சொல்லும். சுவரைச் சுற்றி மறுபக்கம் மட்டம் கொண்டுபோக டியூப்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரே அறையில் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்றால் லேசருக்கு ஒரே ஆள் போதும்.

மேஸ்திரி: வெயில்ல உன் கோடு தெரியுமா?

தெரியாது. பச்சைக் கோடு சிவப்பைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். வெளிவேலைக்குக் கோட்டை உணர்ந்து காட்டும் ரிசீவர் வேண்டும், இல்லையென்றால் ஆட்டோ லெவல் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி மட்டக் கருவி).

டைல்ஸ் காண்ட்ராக்டர், சேலம்: லேசர் கீழே விழுந்துடுச்சு. சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து அதில் ஒரு குறி, அப்படியே திருப்பி எதிர்ச்சுவரில் ஒரு குறி. கருவியை எதிர்ச்சுவர்ப் பக்கம் கொண்டுபோய், அங்குள்ள குறிக்கே கோடு படும்படி உயரத்தைச் சரிசெய்து, முதல் சுவரில் மறுபடி குறியுங்கள். அங்கே இரண்டு குறிக்கும் உள்ள வித்தியாசம் பிழையின் இரண்டு மடங்கு. 10 மீட்டருக்கு 3 மி.மீ. என்று விற்கும் கருவியில் இந்த வித்தியாசம் 3 மி.மீ. தாண்டினால் சர்வீசுக்குக் கொடுங்கள்.

கோவை: சைட்டுக்கு மேல டிரோன் விடலாமா?

அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உங்கள் இடம் எந்த நிற மண்டலம் என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது.

நாமக்கல்: ஃப்ரீ ஆப்...

இல்லை.

மேஸ்திரி: தம்பி, டியூபின் ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பார்த்தேன். 4 மி.மீ. இடிக்குது.

குமிழ்தான். வாளியை உயரத்தில் வைத்து, ஒரு முனையை உள்ளே முக்கி, மறுமுனையில் உறிஞ்சி, குமிழ் நிற்கும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு முனையிலும் கட்டைவிரலை எடுத்துவிட்டுப் பாருங்கள்.