பலகார வியாபாரத்துக்கு அகப்பக்கம்: கருவியா, கையால் எழுதுவதா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அகப்பக்கம் வேண்டும். விக்ஸ் போன்ற கருவியில் படங்களை இழுத்துப் போட்டே செய்துவிடலாம் என நினைக்கிறேன். கணினி படிக்கும் என் தம்பி, எச்.டி.எம்.எல். என்ற அகப்பக்கக் குறிமொழியில் கையால் எழுதினால்தான் தரமாக இருக்கும் என்கிறான். எதைக் கேட்பது?

பதில்: தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையால் எழுதிய பக்கத்தில் தேவையானது மட்டுமே இருக்கும். கருவிகள் எல்லா வகைக் கடைகளுக்கும் பொருந்த வேண்டியவை என்பதால், நீங்கள் தொடாத ஸ்கிரிப்டுகளும் (சிறு நிரல்களும்) கூடவே இறங்கும். பழைய கைப்பேசியில் பக்கம் திறக்க நேரமாகும்.

ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெய் விலை ஏறினால், இரவு 11 மணிக்கு அதிரசத்தின் விலையை மாற்றப்போவது யார்? தம்பிக்கு அப்போது பரீட்சையாக இருக்கலாம். விலையும் படமும் அடிக்கடி மாறும் வியாபாரத்துக்கு, நீங்களே திறந்து மாற்றக்கூடிய கருவிதான் சரி. முகவரி, வாட்சாப் எண், நாலு படம் என்று மாறாத ஒற்றைப் பக்கமாக இருந்தால் மட்டும் கையால் எழுதச் சொல்லியிருப்பேன்.

விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் வேறு வாடகை இடத்துக்கு, கொண்டுபோக முடியாது. விலகினால் புதிதாகத்தான் கட்ட வேண்டும். எனவே நீங்களே எடுக்கும் ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் கருவியைப் போடுங்கள். அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூல மென்பொருள், கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எங்கும் எடுத்துச் செல்லலாம். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பிளகின்களை (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்களை) புதுப்பிக்கும் வேலையைத் தம்பியிடம் விடுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் (ஆயத்த வடிவமைப்புகள்) ஆங்கில எழுத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைக் காட்டும். ஐபோனில் ஒரு மாதிரி, ஆண்ட்ராய்டில் வேறு மாதிரி. வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். தலைப்பில் எழுத்திடைவெளியைக் கூட்டியிருந்தால் தமிழ்ச் சொல் உதிர்ந்தாற்போல் தெரியும். இங்கேதான் தம்பியின் படிப்பு கைகொடுக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலரைச் சேர்த்து, வரி உயரத்தை 1.6 அளவுக்குக் கூட்டி, எழுத்திடைவெளியைச் சுழியாக்கச் சொல்லுங்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் சில வரி போதும். தமிழ்ப் பக்கத்தின் மொழிக் குறியீடு தமிழைக் குறிக்கும் 'டி.ஏ.' (ta) என்று இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

விலைப்பட்டியலை கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்து ஒரே படமாக ஏற்றிவிடாதீர்கள். நம் கடைகள் பலவும் இதைத்தான் செய்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். படத்துக்குள் இருக்கும் 'அதிரசம்' தேடலில் சிக்குவது அரிது. திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி கைப்பேசியில் இருந்தால், அடுப்படியில் நின்றபடியே விலையைத் திருத்திவிடலாம்.

சரி, தொடங்கும் முன் ஒன்று. டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) தம்பி பெயரிலோ வடிவமைப்பாளர் பெயரிலோ பதியாமல், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள்.