ஒளியும் கூலியும்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஒளிப்பதிவாளரின் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் குறும்படங்களுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் கமரா தூக்கும் சுயாதீன ஒளிப்பதிவாளர் ஒருவர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து முதல் குறும்படம் எடுக்கிறோம். கதை முழுவதும் அம்மம்மாவின் பழைய நாற்சார் வீட்டில், பகலில் நடக்கிறது. சோதித்துப் பார்த்தபோது முகம் தெரிந்தால் நடுமுற்றம் வெள்ளையாக எரிகிறது, முற்றம் தெரிந்தால் முகம் கரிக்கட்டை. லைற் வாடகைக்கு எடுக்கக் காசில்லை. (மாணவர், கோப்பாய்)

நாற்சார் வீட்டை இடிக்காமல் வைத்திருக்கும் அம்மம்மாவுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள் தம்பி. அந்த நடுமுற்றம்தான் உங்கள் லைற். நாலு விறாந்தைக்கும் அங்கிருந்துதான் வெளிச்சம் போகிறது. படப்பிடிப்புக்கு முதல் ஒரு பகல் முழுக்க அங்கே போய் இருங்கள். கமரா வேண்டாம், போன் போதும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். எந்தக் காட்சியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று அந்தப் படங்களே சொல்லிவிடும்.

எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணியிலும் நமக்கு நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் முற்றத்தில் நிற்கும் ஆளின் கண் இரண்டும் குழியாகத் தெரியும். மார்கழியில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கும். மழை விட்ட நாளில் வடக்குப் பக்கச் சுவரில் வெயில் அடிக்கும், தெற்கு விறாந்தை நிழலில் கிடக்கும். அந்த நிழலில் ஒரு கதிரையைப் போட்டு, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அம்மம்மாவை இருத்திப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கும் எந்த லைற்றும் அவ்வளவு மென்மையாக விழாது.

இனி முற்றம் எரிகிற கதை. வெயில் விழும் முற்றத்தையும் உள் விறாந்தையையும் ஒரே பிரேமில் பிடிக்க உங்கள் கமராவால் முடியாது. ஆளை முற்றத்துக்கு முன்னால் நிறுத்தாமல், முற்றத்தைப் பார்க்க இருத்துங்கள். கமராவை நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகிவிடும். விறாந்தையின் நீளவாக்கில் வையுங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல் வரும். நிழல் கூடிப்போனால் அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க ஒரு வெள்ளை ரெஜிபோம் தகட்டைப் பிடியுங்கள். குறைந்தால் அதே இடத்தில் கறுப்புத் துணி. முற்றம் பின்னால் தெரிந்தே ஆகவேண்டிய காட்சி என்றால் காலை எட்டு மணிக்கு முதல் எடுத்து முடித்துவிடுங்கள்.

நேர் வெயிலை உடைக்க நான் பாவிப்பது வேட்டி. கரையில்லாத வெள்ளை எட்டு முழ வேட்டி இரண்டை நீளப்பாட்டில் சேர்த்துத் தைத்து, தூணுக்குத் தூண் கொடிக்கயிறு கட்டி விரித்தால் கீழே நிற்பவர் முகத்தில் வெட்டு நிழல் விழாது. காற்றடித்தால் படபடக்கும். ஒலி பிடிப்பவர் முறைப்பார். வசனம் இல்லாத காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை நாடிக்குக் கீழே சிவப்பு அடிக்கும். பிரேமுக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டுவிடுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வைற் பலன்ஸை ஓட்டோவில் விடவே வேண்டாம். பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்.

கேள்வி: ரியூப்லைற் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டி பட்டியாக ஓடுகிறது. கமரா பழுதா? (வாசகி, சுன்னாகம்)

கமரா நல்லாயிருக்கிறது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டி ஓடும். கமரா மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றி, 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். ஸ்லோமோஷனுக்கு 50 பிரேம், 1/100. இயக்குநர் 24தான் வேண்டுமென்று நின்றால் ஷட்டர் கோணத்தை 172.8 பாகைக்கு வையுங்கள், அதுவும் 1/50தான். இத்தனைக்குப் பிறகும் ஓடினால் அது மலிவு எல்இடி குமிழ். கழற்றிவிட்டு வேறொன்று போடுங்கள்.

கேள்வி: குறும்படத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் "பட்ஜெட் இல்லை அண்ணை, பேர் போடுறம்" என்கிறார்கள். எப்படிக் காசு கேட்பது? (ஒளிப்பதிவு செய்யும் இளைஞர், சாவகச்சேரி)

எல்லாக் கடிதத்திலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன். என் வீட்டு அடுப்பு எரிவது சாமத்தியவீட்டிலும் கலியாணத்திலும்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் பள்ளி விடுமுறைக்கு வந்து இறங்கும் ஆடி, ஆவணிப் பக்கம் மூச்சுவிட நேரம் இராது. நல்ல நாள் பார்க்கிறவர்கள் விசேஷம் வைக்காத மார்கழி போன்ற காலத்தில்தான் குறும்படங்களுக்கு நாள் கொடுக்கிறேன். அப்படிப் பிரித்து வைத்ததால், பிடித்த கதைக்குக் கூலியைக் குறைக்க எனக்கு மனம் வருகிறது. ஆனால் குறைப்பது என் கூலியை மட்டும். பெற்றோல், சாப்பாடு, லென்ஸ் வாடகை, ஹாட் டிஸ்க் நாலும் படத்தின் செலவு. அதையும் நீங்கள் சுமந்தால் நீங்கள்தான் தயாரிப்பாளர். அப்படியென்றால் டைட்டிலில் அதையும் போடச் சொல்லுங்கள்.

உதவியாளரின் சம்பளத்தில் எப்போதும் கை வைக்கக் கூடாது. கதை பிடித்தது உங்களுக்கு, அவனுக்கில்லை.

பேச்சு முடிந்த அன்று இரவே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், உங்கள் கமராவா அவர்களுடையதா, டிஸ்க் யார் வாங்குவது, முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது, நிறம் திருத்தும்போது உங்களைக் கூப்பிடுவார்களா, உங்கள் வேலையைக் காட்ட ஒரு நிமிடத் துண்டு எடுத்துக்கொள்ளலாமா. எதிர்ப்பக்கம் "சரி அண்ணை" என்று பதில் வந்தால் போதும். வழக்குப் போட இல்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு "இன்னும் ஒரு சீன்தான்" என்று வரும்போது போனைத் திறந்து காட்ட.

வெளிநாட்டிலிருந்து வந்து படமெடுத்த ஒருவர் மீதிக் காசைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி விமானம் ஏறினார். இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு கடைசி நாள் மாலை, டிஸ்க் கை மாறும் அதே மேசையில் காசும் கை மாறவேண்டும் என்பது என் கணக்கு. முகம் சுளிப்பவர்கள் உண்டு, சுளித்துவிட்டுத் தருவார்கள். ஆனால் காசுக்காகப் பதிவை அழிப்பது, ஒளிப்பது எல்லாம் கூடாது. அதில் நடித்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. கமராவின் மெமரி கார்டை அழிக்க முதல் இரண்டு டிஸ்க்கில் பிரதி இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

பெயர் போடுவது சும்மா விஷயமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா போன்ற இடங்களில் உங்கள் பெயர் திரையில் ஓடினால் அடுத்த அழைப்பு வரலாம். அது கூலிக்கு மேலதிகம், கூலிக்குப் பதில் இல்லை.

கேள்வி: புதிதாக எந்தக் கமரா வாங்கலாம்? (வாசகர், மானிப்பாய்)

வாங்காதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு கமரா விலை பழைய இடத்துக்கு வரவில்லை. கமராவை வாடகைக்கு எடுங்கள். கையிலுள்ள காசுக்கு ஆடாத ட்ரைபொட் ஒன்றும் லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் நல்ல என்டி ஃபில்டரும் வாங்குங்கள். நம் வெயிலில் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/50 வைத்து லென்ஸை எஃப் 4இல் திறக்கவேண்டுமென்றால் ஏழு ஸ்ரொப் வெளிச்சத்தை வெட்டவேண்டும், ஒவ்வொரு ஸ்ரொப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரைக் கூட்டுவார்கள். நடந்து போகிற ஆள் வெட்டி வெட்டிப் போவார்.

கேள்வி: கோட்டையையும் பண்ணைப் பாலத்தையும் ட்ரோனில் எடுக்க அனுமதி வேண்டுமா? (வாசகர், குருநகர்)

வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் கேட்கவேண்டும். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் கீழ் இருப்பதால் அங்கேயும் கடிதம் கொடுக்கவேண்டும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த இடம், சுற்றிவர முகாம்களும் உண்டு. அந்தப் பக்கம் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். என்னைக் கேட்டால், வானத்திலிருந்து பனந்தோப்பைக் காட்டித் தொடங்கும் குறும்படங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கோட்டை மதிலில் ஏறி நின்றாலே பாலமும் கடலேரியும் தெரியும். அங்கே நடந்துபோகும் ஒருவரின் தோளுக்குப் பின்னால் கமராவை வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து யார் பார்க்கிறார் என்பதாவது படத்தில் இருக்கும்.

கேள்வி: என் மகள் ஒளிப்பதிவு செய்யப் போகிறேன் என்கிறாள். இரவில் பிந்தித்தான் வருகிறாள். விடலாமா? (ஒரு தாய், நல்லூர்)

அம்மா, நானும் ஒரு தாய்க்குப் பதில் சொல்லி வளர்ந்தவள்தான். விடுங்கள். ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டு விடுங்கள்: படப்பிடிப்பு எங்கே, வேறு பெண்கள் வருகிறார்களா, திரும்பி வர வாகனம் யார் தருகிறார்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத குழு, படத்தையும் ஒழுங்காக எடுக்காது. பெண் கமராவோடு வந்தால் குசினி வரைக்கும் கதவு திறக்கிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். உரலடியில் இருக்கிற பெரியம்மா அவளைப் பார்த்துச் சீலைத் தலைப்பை இழுத்துவிடாமல் மாவிடித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பிரேம் ஆண்களுக்கு இலகுவில் கிடைக்காது.

கேள்வி: கடற்கரையில் எடுத்தால் மாலைக்குள் லென்ஸ் மங்குகிறது. எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், ஊர்காவற்றுறை)

சோளகக் காற்றுக் காலத்தில் உப்புத் தூள் கண்ணாடியில் படிகிறது. சட்டைத் தலைப்பால் துடைத்தால் உப்பு கீறிவிடும். முன்னால் ஒரு சாதாரணத் தெளிவு ஃபில்டரை மாட்டுங்கள். முதலில் ஊதுகுழாயால் தூசை ஊதிவிட்டு, லென்ஸ் துணியை லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்து நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியவுடன் பையைத் திறக்கவேண்டாம், வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் பையை மூடியபடி வெளியே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபொட் கால்களை நன்னீரில் கழுவிக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் லென்ஸ்களைத் தோல் பையில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் அதை மாற்றுங்கள்.