1940-களில் சோவியத் பொறியாளர்கள் சீனாவின் வடமேற்கு மாகாணமான சின்ஜியாங்கில் கனிமம் தேடியது எப்படி? சீன அரசு ஏன் தடுக்கவில்லை?

தடுக்கும் நிலையில் சீன அரசு இல்லை என்பதுதான் நேரான பதில். 1933-க்குப் பின் அந்த மாகாணம் ஷெங் ஷிகாய் என்ற ராணுவ ஆட்சியாளர் கையில் இருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்ததே சோவியத் படையும் பணமும்தான். தூரத்தையும் பாருங்கள். சோவியத்தின் துர்க்சிப் ரயில்பாதை 1930-லேயே எல்லைக்கு அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. சீன ரயில் மாகாணத் தலைநகர் உரும்சியை எட்டியதோ 1960-களில்தான்.

1940 நவம்பரில் ஷெங் சோவியத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெயருக்கு அது வெள்ளீயச் சுரங்க ஒப்பந்தம். உண்மையில் 50 ஆண்டுகளுக்கு மாகாணம் முழுவதும் வெள்ளீயத்தையும் கூடவே கிடைக்கும் மற்ற கனிமங்களையும் தேட, தோண்ட, சாலை போட உரிமை கொடுத்தது. ‘கூடவே கிடைக்கும்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம்! அல்தாய் மலையடிவாரத்தில் கோக்தொகாய் என்ற இடத்தில் பெக்மடைட் பாறைகள் உண்டு. உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியாக மிஞ்சுவது இறுகி உருவானவை அவை. அதனால் பெரிலியம், லித்தியம், டான்டலம் போன்ற அரிய தனிமங்கள் அவற்றில் செறிந்திருக்கும்.

1942-ல் ஷெங் சோவியத்தை விட்டுச் சீன அரசின் பக்கம் சாய்ந்தார், அடுத்த ஆண்டு சோவியத் ஆட்கள் கிளம்பினார்கள். அப்புறம் 1950-ல் மாவோ அரசோடு கூட்டு நிறுவனங்கள் அமைத்துத் திரும்பி வந்தார்கள். எண்ணெய்க்கு ஒன்று, உலோகங்களுக்கு ஒன்று. சோவியத் பங்குகள் சீனாவிடம் வந்தபின், 1955 அக்டோபரில் சின்ஜியாங்கின் கராமாய் எண்ணெய் வயலின் முதல் கிணறு பலன் தந்தது.