வாத்து எறிந்தவர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நானும் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். என் மகன் வீடியோ கேமில் யாருக்கு எறியும் வலு அதிகமோ அவரையே குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறியும் ஆளாக, எடுக்கிறான். "கை இல்லைன்னா மத்ததெல்லாம் வேஸ்ட்" என்கிறான். கைவலு அவ்வளவு முக்கியமா?

ச.

அன்புள்ள ச.,

பையன் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நம்பிக் காசை இழந்த அணிகள் உண்டு. 2007இல் அணிகள் புதுமுகங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரஸல், முட்டி போட்டபடியே 60 யார்டு எறிவார் என்று ஒரே பேச்சு. மூன்று சீசனில் அவர் பாஸில் வந்த டச்டவுன் (எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) 18, இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்) 23. 2010இல் அனுப்பிவிட்டார்கள்.

சரி, கை எங்கேதான் வேண்டும்? நீளமாக எறிவதற்கு என்று நினைப்போம். உண்மையில் சோதனை 15 யார்டு பாஸில் இருக்கிறது. மைதானத்தின் நடுப்பகுதியில் இரண்டு வரிசையாகச் சின்னக் கோடுகள் இருக்கும்; பந்து அதில் இடப்பக்க வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் 15 யார்டு ஓடி, சட்டென்று வலது ஓரத்துக்குத் திரும்புகிறார். குவார்ட்டர்பேக்கோ ஏழு யார்டு பின்னால் நிற்கிறார். குறுக்கே கணக்குப் போட்டால் பந்து பறக்க வேண்டியது கிட்டத்தட்ட 37 யார்டு! மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் பந்துக்கும் 80இல் போகும் பந்துக்கும் அங்கே ஆறில் ஒரு பங்கு நொடி வித்தியாசம். அதற்குள் ரிசீவரைத் துரத்தும் எதிரணித் தடுப்பாளரான கார்னர்பேக் ஒரு யார்டுக்கு மேல் நெருங்கிவிடுவார். கையை நீட்டினால் பந்து அவருக்கு.

ஆனால் அந்தக் கால்வாசி நொடிகூட இல்லாத நேரத்தை இன்னொரு வழியிலும் சம்பாதிக்கலாம்: முன்கூட்டியே எறிவது. ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் இதில் கில்லாடி. கழுத்து அறுவை சிகிச்சைகளால் 2011 சீசன் முழுக்க ஆடவில்லை. கையின் வலுவும் குறைந்துபோனது. டென்வர் அணிக்கு வந்த பின் அவர் பந்து சில சமயம் தள்ளாடிக்கொண்டே போகும். அமெரிக்கர்கள் அதை 'வாத்து' என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம், வாத்துதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த 2013 சீசனில்தான் 55 டச்டவுன் பாஸ், 5,477 யார்டு, இரண்டும் சாதனை.

அதற்காக மூளை போதும் என்று முடிவுகட்ட வேண்டாம். 2015இல் அதே மானிங் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். மூளை எங்கேயும் போய்விடவில்லை. அணி லீக்கின் இறுதிப் போட்டியான 'சூப்பர் போல்' வென்றது, ஆனால் தூக்கிச் சுமந்தது தடுப்பாட்டக்காரர்கள்.

உங்கள் மகனுக்கு பஃபலோ அணியின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பீரங்கிக் கை. 2018இல் முதல் சீசனில் அவர் எறிந்த பாஸ்களில் சுமார் 53 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. 2020இல் 69. கை அதே கைதான். அப்புறம், பஃபலோவின் டிசம்பர் காற்றுக்கு அந்தக் கையும் பத்தாது: 2021இல் ஒரு திங்கட்கிழமை இரவு எதிரணியான பேட்ரியட்ஸ் மொத்தமே மூன்று பாஸ் எறிந்துவிட்டு, மற்றதையெல்லாம் ஓடியே 14-10 என ஜெயித்துப் போனது.

வரும் ஞாயிறு பந்தைப் பார்க்காமல் ரிசீவரின் தலையைப் பாருங்கள். அவர் திரும்பும்போது பந்து ஏற்கெனவே காற்றில் இருக்கிறதா? இருந்தால் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.