ஃபேன் கத்துகிறது, லேப்டாப் தானாக அணைகிறது: கடையில் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். 2019இல் வாங்கிய லேப்டாப். 7ஆம் தலைமுறை ஐ3, 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மழை ஆரம்பித்ததிலிருந்து ஃபேன் கத்துகிறது, அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பத்து வருஷப் போட்டோ, வீடியோ 300 ஜிபி அதில்தான் இருக்கிறது. பக்கத்துக் கடையில் "ஃபார்மேட் மார்னா படேகா" (ஃபார்மேட், அதாவது டிஸ்க்கை முழுசாக அழித்துப் புதிதாக்க வேண்டியிருக்கும்) என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். ஃபேன் கத்துவதற்கும் ஃபார்மேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பத்து வருஷப் போட்டோவுக்கு ஒரே ஒரு பிரதி இருக்கும்போது ஃபார்மேட் என்ற பேச்சே எழக்கூடாது. முதலில் போட்டோ வெளியே வரட்டும், பிறகு மெஷினைப் பார்க்கலாம்.

டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத ஜிப் பதிப்பை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவிலிருந்தே ஓடவிடுங்கள். சந்தேகத்துக்குரிய டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பது நல்லது. திறந்ததும் நீலத்தில் "குட்" என்றோ மஞ்சளில் "காஷன்" என்றோ காட்டும். அதோடு நின்றுவிடாமல் 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றினால்தான் நமக்குப் புரியும்.

05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னத் துண்டுகளின்) எண்ணிக்கை. அது 8, 16 என்று சின்னதாக வந்து மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் உடனே பயப்பட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். இது பூஜ்யமாக இல்லையென்றால் இன்று ராத்திரியே காப்பி ஆரம்பியுங்கள். சி6உம் அதே வகைதான். சி7 மட்டும் வேறு கதை. அது ஏறினால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான் குற்றவாளி. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது அந்தக் கம்பெனி கணக்கு வைக்கும் முறை, பயப்படாதீர்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அணைத்துவிட்டு டேட்டா மீட்பு செய்கிறவர்களிடம்தான் போக வேண்டும். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தகட்டின் மேல் கீறல் போடுவது மாதிரி. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்தை மும்பை ஈரத்தில் நினைத்தே பார்க்காதீர்கள். வெளியே எடுத்த நிமிஷமே உள்ளே பனித்துளி கட்டிவிடும்.

அந்த டிக் டிக் சத்தம் இல்லையென்றால் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். லேமிங்டன் ரோடில், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்தில், எந்தக் கடையிலும் கிடைக்கும். பில்லும் வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். நடைபாதையில் "2 டிபி பென்டிரைவ்" என்று சில நூறு ரூபாய்க்கு விற்பது போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப் இருக்கும், அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும். இடம் தீர்ந்தபின் எழுதுவது பழையதின் மேல் விழும், அல்லது எங்கேயும் விழாது. பெயர்ப் பட்டியல் சரியாகத் தெரியும், போட்டோவைத் திறந்தால்தான் ஒன்றும் இருக்காது. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். முழு இடத்தையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். இதைப் புது டிரைவ் காலியாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

உங்கள் லேப்டாப் அரை மணி நேரத்தில் அணைகிறது என்பதால் காப்பியைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்து ஒரு விரல் அளவு உயர்த்தி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி, பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். காப்பி மட்டும் ஓடினால் பிராசஸருக்குப் பெரிய வேலை இல்லை, பெரும்பாலும் தாங்கிவிடும். டிஸ்க்கை நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் சொருகுங்கள். அது யுஎஸ்பி 3. நல்ல நிலையில் 300 ஜிபி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போகும். கறுப்பு போர்ட் யுஎஸ்பி 2ஆக இருந்தால் அதே 300 ஜிபிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: குடும்பப் போட்டோ, பிறகு பத்திரங்களின் ஸ்கேன், பிறகு வீடியோ. இறக்கி வைத்த சினிமா கடைசியில். ஒரு ஃபைலில் காப்பி நின்று திணறினால் "ஸ்கிப்" கொடுத்து மேலே போங்கள், அதற்குத் திரும்பி வரலாம். காப்பி முடியும்வரை விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்த எழுத்தே சேதத்தைக் கூட்டும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றா என்று பாருங்கள். "சைஸ் ஆன் டிஸ்க்" என்ற வரி வேறுபடலாம், அதை விட்டுவிடுங்கள். பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, வருஷத்துக்கு இரண்டு போட்டோ, ஒரு வீடியோ என்று திறந்து பாருங்கள். வீடியோவை நடுவில் இழுத்துவிட்டுப் பாருங்கள், முதல் ஐந்து விநாடி ஓடினால் மட்டும் போதாது.

இது ஒரு பிரதிதான். இன்னொன்று வேண்டும், அதுவும் வேறு வீட்டில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும் ஒரே அலமாரியில் ஒன்றாக முழுகினால் இரண்டு வைத்திருந்தும் ஒன்றுமில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கை அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது புதியதைக் கொடுத்து அதை வாங்கி வாருங்கள். முடியாதவர்களுக்கு கிளவுட். ஆனால் கூகுள் இலவசமாகத் தருவது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஒன்டிரைவ் தருவது 5 ஜிபி. உங்கள் 300 ஜிபிக்கு மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். கிளவுடோடு சிங்க் ஆவது, அதாவது இரண்டு பக்கமும் தானாக ஒன்றுபோல ஆவது, முழு பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் கண்ணில் படும் எல்லா டிரைவையும் பூட்டும், பேக்கப் டிஸ்க் என்று விலக்கு கொடுக்காது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொருகி, புதியதைச் சேர்த்து, கழற்றி வைத்துவிடுங்கள். காப்பி எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் "அப்டேட்" முறையைத் தேர்ந்தெடுங்கள். "மிரர்" என்பது லேப்டாப்பில் இல்லாததை பேக்கப்பிலிருந்தும் துடைத்துவிடும். லேப்டாப்பை ஃபார்மேட் செய்த பிறகு பழக்க தோஷத்தில் மிரர் அழுத்தினால் கதை முடிந்தது.

இனி மெஷின். அரை மணி நேரத்தில் அணைவது பெரும்பாலும் சூடு. கோர் டெம்ப் என்ற மென்பொருளில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, வேலை கொடுத்தால் 80, 90 வரை போவது இந்த வகை லேப்டாப்புக்குச் சகஜம். 100ஐத் தொட்டு அணைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சூடு இல்லாமலே அணைந்தால் பேட்டரி, சார்ஜர் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

வெளியிலிருந்து புளோயர் அடிப்பது பாதி வேலைதான். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் தலைமுடியும் ஈரத்தில் ஒட்டி, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாக நிற்கும். காற்றோட்டத் துளை வழியே அடித்தால் அது பின்வாங்கி ஃபேனில் விழுந்து, நான்கு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஃபேன் மூடியைத் திறந்து, அந்தப் படலத்தை இடுக்கியால் முழுசாக உரித்தெடுக்க வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும்.

நீங்களே திறப்பதாக இருந்தால் ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குருவையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்குருக்களின் நீளம் வேறுவேறு. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். மூடி கழன்றதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நெம்பாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், புது பேட்டரிதான் வழி. டச்பேட் மேலே எழும்பி நிற்பது அதற்கு வெளியே தெரியும் அடையாளம்.

சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கைத் தூக்கினால், நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் துடைத்து, ஒரு அரிசி அளவு புது பேஸ்ட்டை சிப் முழுக்க மெல்லிசாகப் பரப்புங்கள். ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், அதே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ரேம் (நினைவகப் பலகை) முனையில் இருக்கும் தங்க நிறத் தொடுபட்டைகளை ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். தங்கப் பூச்சு மெல்லியது, ரப்பர் தூளும் உள்ளே விழும். அதே ஆல்கஹால் துணியே போதும்.

மழைக்கால ஈரத்துக்கு வாரம் இரண்டு முறையாவது லேப்டாப்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள், அதன் சூட்டிலேயே ஈரம் வெளியேறும். ஏசி அறையில் குளிர்ந்த மெஷினை வெளியே கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். பேக்கப் டிஸ்க்கை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது, நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம் என்று தெரியும். தண்ணீர் கொட்டிவிட்டால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுங்கள். அரிசியில் புதைத்தால் மாவுதான் உள்ளே போகும்.

லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதா? சார்ஜரின் மூன்றாவது பின்னுக்கு எர்த் வரவில்லை. பழைய சால் (வரிசைக் குடியிருப்பு) வீடுகளில் இது சாதாரணம். இரண்டு பின் அடாப்டர் மாட்டிச் சமாளிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வேகத்துக்கு ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போடுங்கள். இந்த மெஷினுக்கு அதைவிட லாபமான செலவு கிடையாது. வேகம் கூட்டுவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர், பூஸ்டர் மென்பொருள் எல்லாம் குப்பை. எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் போகும், அதில் அழித்த ஃபைலும் பொதுவாகத் திரும்பாது, எனவே மாத பேக்கப் இன்னும் அவசியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, உங்கள் 7ஆம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. இந்த லேப்டாப்பைப் போட்டோ பார்க்க வைத்துக்கொண்டு, பேங்க் வேலையை வேறு சாதனத்துக்கு மாற்றுவது நல்லது.

கடைக்குப் போகும் நாளில், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கும், இல்லையென்றால் டிஸ்க் திறக்காது. அதைவிடச் சுலபம், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் லேப்டாப்பைக் கொடுப்பது. ஃபேன் சுத்தம் செய்ய, பேஸ்ட் போட, டிஸ்க் எதற்கு? பயோஸ் திரை (விண்டோஸுக்கு முன் வரும், டிஸ்க் தேவைப்படாத அமைப்புத் திரை) வரை வந்து அரை மணி நேரம் அணையாமல் நின்றால் சூட்டுப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. "டிஸ்க் இல்லாமல் டெஸ்ட் பண்ண முடியாது" என்று அடம்பிடித்தால் அடுத்த கடைக்கு நடங்கள், லேமிங்டன் ரோடில் கடைக்கா பஞ்சம்?