புகைபோக்கி, ஜெனரேட்டர், கார்பன் கணக்கு: கேள்விகளும் பதில்களும்

கோவையில் பதினாறு வருடமாகத் தொழிற்சாலைகளுக்குக் காற்று, இரைச்சல் அளவீடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆலோசனையும் செய்து வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (காங்கேயம், அரிசி ஆலை): மேடம், எங்கள் உமி பாய்லருக்கு சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைக் கீழே இறக்கும் கூம்பு) போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் புகையே தெரியவில்லை. இப்போது ஊரெல்லாம் கரி விழுகிறது என்று புகார், வாரியத்தில் இருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி) போட்டே ஆக வேண்டுமா? பெரிய தொகை சொல்கிறார்கள்.

பதில்: ஆர்டர் கொடுக்கும் முன் சைக்ளோனுக்கு அடியில் போய் நின்று பாருங்கள். முதல் வருடம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை என்றால் நடுவில் ஏதோ கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதே போன்ற ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். சைக்ளோன் அடியில் சாம்பல் இறக்கும் சுழல் வால்வு சிக்கிக்கொண்டதால், ஆட்கள் அதைக் கழற்றிவிட்டு வாயில் ஒரு கோணிச் சாக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். சாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த ஓட்டைப் பக்கம் பிடித்தேன். புகை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. உறிஞ்சும் ஃபேன் சைக்ளோனுக்குப் பிறகு இருப்பதால், உள்ளே எப்போதும் இழுவை இருக்கும். அடியில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று மேல்நோக்கிப் பாய்ந்து, கீழே விழுந்த சாம்பலைத் திரும்பத் தூக்கிப் புகைபோக்கிக்கே அனுப்பிவிடும். வால்வைச் சரிசெய்து, இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டையும் மாற்றினார்கள். அடுத்த வாரமே புகையின் நிறம் மாறியது.

இன்னொரு எளிய கணக்கு. உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு நாளைக்கு 5 டன் உமி எரித்தால் ஏறக்குறைய 1 டன் சாம்பல் வர வேண்டும். அடுப்படியிலும் சைக்ளோனிலும் அள்ளும் சாம்பலை ஒரு வாரம் எடை போட்டு எழுதி வையுங்கள். ரொம்பக் குறைந்தால், மீதி ஊர்க் கூரைகளின் மேல் கிடக்கிறது.

இத்தனைக்கும் பிறகு அளவு வரம்பைத் தாண்டினால் பேக் ஃபில்டர் தேவைதான். மிக நுண்ணிய தூளைச் சைக்ளோனால் பிடிக்க முடியாது. ஆனால் சைக்ளோனை எடுத்துவிடாதீர்கள். உமியின் தீப்பொறி நேராகப் போனால் பை எரிந்துவிடும். நோட்டீஸுக்கு மட்டும் கெடு முடியும் முன் எழுத்தில் பதில் கொடுங்கள்: என்ன பழுது, என்ன சரிசெய்தோம், மறு அளவீடு எந்தத் தேதியில். பேசாமல் இருந்தால், காற்றுச் சட்டம் 31ஏ பிரிவின்படி மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிட முடியும்.

கேள்வி (பெருந்துறை): விறகு பாய்லர் ரிப்போர்ட்டில் தூசி அளவு இரண்டு எண்ணாகப் போட்டிருக்கிறார்கள், ஒன்று கன மீட்டருக்கு 200 மில்லிகிராம், இன்னொன்று 400. எது உண்மை?

பதில்: இரண்டுமே. முதலாவது அளந்தது. இரண்டாவது, கரியமில வாயு 12 சதவீதம் இருப்பதாக வைத்துத் திருத்தியது. உங்கள் புகையில் 6 சதவீதம்தான் இருந்திருக்கும், அதனால் இரட்டிப்பாகிறது. வரம்போடு ஒப்பிட வேண்டியது 400-ஐ. இந்தத் திருத்தம் இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்துக் காற்றைக் கலந்து எவரும் தேர்ச்சி பெற்றுவிடலாம். 6 சதவீதம் என்பது அடுப்புக்குள் தேவைக்கு மேல் காற்று போகிறது என்பதற்கும் அடையாளம். விறகும் வீணாகிறது, அதைக் கவனியுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஒரு லேப் ஆளே வராமல் பாதி விலைக்கு ரிப்போர்ட் தருவதாகச் சொல்கிறது. எல்லாரும் வாங்குகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். புகைபோக்கியில் அளப்பது எப்படி என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள், ஏன் என்று புரியும். பையன்கள் ஏணியில் ஏறி, துளை வழியாகக் குழாயை விடுவார்கள். முதலில் புகையின் வேகம், வெப்பம் பார்ப்பார்கள். உள்ளே புகை எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுத்தால் தூசி கூடுதலாகவும், வேகமாக இழுத்தால் குறைவாகவும் காட்டும். குழாய் முனையில் தூசியைப் பிடிக்கும் விரலளவு வடிகட்டி உறை (திம்பிள்) ஒன்று இருக்கும். வெள்ளையாக உள்ளே போவது சாம்பல் நிறமாக வெளியே வரும். முன்னும் பின்னும் எடை போட்டால் கிடைக்கும் சில மில்லிகிராம்தான் உங்கள் ரிப்போர்ட்டின் உயிர். போலி ரிப்போர்ட்டில் மூன்று வருடத்துக்கும் ஒரே வேகம், ஒரே வெப்பம் இருக்கும். வாரியத்துப் பொறியாளர் கண்ணுக்கு அது உடனே தெரியும். அதைவிட முக்கியம், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் உங்கள் பாய்லர்காரர்.

கேள்வி (திருச்செங்கோடு): எங்கள் தொழில் வாரியப் பட்டியலில் மாசு மிகக் குறைந்த வெள்ளை வகை. இசைவாணை (வாரிய அனுமதி) வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாரியத்துக்குத் தகவல் தெரிவித்து, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சரவணம்பட்டி): பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ராத்திரி பதினொன்றுக்கும் ஓடுகிறது. என் போன் ஆப்பில் 62 டெசிபெல். குழந்தை தூங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55, அதற்குப் பிறகு 45 டெசிபெல்தான் வரம்பு. இது ஒரு நொடியில் காட்டும் எண் அல்ல, ஒரு நேர அளவின் சராசரி. போன் ஆப் சான்றாகாது, ஆனால் நாட்குறிப்புக்கு உதவும். தேதி, நேரம், எந்த ஜன்னலில் நின்று பார்த்தீர்கள், ஜெனரேட்டர் ஓடாதபோது எவ்வளவு என்று நான்கு விசேஷ நாளுக்கு எழுதுங்கள். ஓடாதபோதே 58 என்றால் சத்தம் ரோட்டினுடையது.

மூடிய கூண்டுக்குள் இருக்கும் ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75-க்கு மேல் இருக்கக் கூடாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 குறையும். எட்டு மீட்டர் தள்ளி 57 வர வேண்டிய இடத்தில் 62 என்றால், கூண்டுக் கதவு திறந்திருக்கிறதா, சைலன்ஸர் ஓட்டையா என்று பார்க்கச் சொல்லலாம். புகைக்குழாயும் கட்டடத்துக்கு மேலே போக வேண்டும். 125 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் என்றால் கூரைக்கு மேல் சுமார் இரண்டேகால் மீட்டர்.

முதலில் மண்டப மேனேஜரிடம் பேசுங்கள், சொன்னால் பலரும் கூண்டுக் கதவை மூடிவிடுவார்கள். சரிவரவில்லை என்றால் நாட்குறிப்போடு காவல் துறையிலும் வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கியும் ஓடுகிறது என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். அதற்குத் தனித் தடை இருக்கிறது.

கேள்வி (கோவை, ஏற்றுமதி): ஜெர்மனிக்கு போல்ட், நட்டும் கொஞ்சம் பம்ப்செட்டும் அனுப்புகிறோம். வாங்குபவர் கார்பன் கணக்கு கேட்கிறார். இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்கிறார்.

பதில்: இது ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரி. 2023 அக்டோபரில் வெறும் கணக்குக் காட்டலாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் பணம் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. போல்ட், நட்டு இதில் வரும். பம்ப் வராது. பம்புக்கும் சேர்த்து யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு 50 டன் வரை விலக்கு உண்டு. ஆனால் அது இறக்குமதி செய்பவரின் மொத்தக் கணக்கு, உங்களுடையது மட்டும் அல்ல.

போல்ட்டின் கார்பனில் பெரும்பகுதி உங்கள் ஷெட்டில் இல்லை, நீங்கள் வாங்கும் கம்பியில் இருக்கிறது. அது ஊதுலையில் செய்த இரும்பா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும். எனவே இன்றே கம்பி சப்ளையருக்கு எழுதி, ஆலையின் பெயரும் உமிழ்வு அளவும் கேளுங்கள். உண்மை எண் இல்லாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது எண்ணைப் போடுவார்கள், அது பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டமாகவே இருக்கும்.

உங்கள் ஷெட்டுக்குள் டீசல், கேஸ் பில்களை மாதவாரியாக அடுக்குங்கள். 1,000 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 2.7 டன் கரியமில வாயு. இரும்புப் பொருளுக்கு மின்சாரம் இந்த வரியில் சேராது, ஆனால் வாங்குபவரின் தனிப் படிவம் அதையும் கேட்கும். ஒரு லட்சம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 70 டன். சொந்தக் காற்றாலை இருந்தால் குறையும், அதன் பசுமைச் சான்றிதழை வேறு யாருக்கும் விற்காமல் இருந்தால் மட்டும்.

கேள்வி (காங்கேயம் பக்கம், கொப்பரைக் களம்): அம்மணி, என் களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு மேல் கரி விழுந்து விலை குறைகிறது. அரிசி ஆலைக்காரரைக் கேட்டால் தொட்டிக்கரிச் சூளையை (கொட்டாங்குச்சியைக் கரியாக்கும் சூளை) காட்டுகிறார். சூளைக்காரர் ஆலையைக் காட்டுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஐயா, களத்தின் நான்கு மூலையிலும் லேசாக எண்ணெய் தடவிய வெள்ளைத் தட்டு ஒவ்வொன்று வையுங்கள். காலையில் வைத்து மாலையில் எடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரே சீராக வீசுவதால் அந்த மாதங்களில் திசை குழம்பாது. பிறகு கரியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உமிச் சாம்பல் எரிந்த பிறகும் உமியின் படகு வடிவத்திலேயே இருக்கும், தொட்டால் வெள்ளி நிறத்தில் நொறுங்கும். சூளைப் புகைக்கரிக்கு வடிவம் இருக்காது, விரலில் பிசுபிசுவென்று அப்பும். இரண்டும் கலந்து இருந்தாலும் இருக்கலாம், அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பத்து நாள் தட்டுகளைத் தேதி எழுதி, போட்டோ எடுத்து மூடி வையுங்கள். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரிடமும் நேரில் போங்கள். மனு எழுத வேண்டி வந்தால் அதே தட்டுகளோடு வாரிய அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன்.