உபுண்டுவிலிருந்து விண்டோஸ் கணினிகளைப் பராமரித்தல்: கேள்வி பதில்

கேள்வி (களுவாஞ்சிகுடி): என் மடிக்கணினியில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) இருக்கின்றது, நான் பராமரிக்கும் கடைகளில் விண்டோஸ் ஹோம். ரெமினா என்ற தொலை இணைப்புச் செயலி மூலம், மற்றொரு கணினியின் திரையை இங்கிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப்பில் இணைய முடியாதிருப்பது ஏன்?

பதில்: ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளுக்குச் செல்லலாமே தவிர, ஹோம் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக எவரும் வர இயலாது, அவ்வசதி புரோ முதலான பதிப்புகளுக்கே உரியது. எனினும் சேவையொன்றை மீளத் தொடங்கவோ கோப்புகளைப் பிரதியெடுக்கவோ திரை தேவையில்லை. தொலைவிலிருந்து கட்டளைகள் மூலம் கணினியை இயக்க உதவும் ஓபன் எஸ்எஸ்எச் சேவையகத்தை ஹோம் பதிப்பிலும் விருப்பக் கூறாக நிறுவலாம். நிறுவியதும் அது தானாகத் தொடங்காது என்பதால், சேவைகள் பட்டியலில் தொடக்க வகையைத் தானியங்கி என மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சம்மாந்துறை): அரிசி ஆலையொன்றின் விண்டோஸ் கணினியில் எஸ்எஸ்எச் வழியாகக் கடவுச்சொல் இன்றி நுழைய என் பொதுச் சாவியைச் சேர்த்தும் கடவுச்சொல்லையே கேட்கின்றது. லினக்ஸில் அதே சாவி வேலை செய்கின்றது.

பதில்: நீங்கள் நுழையும் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருப்பதே காரணமாக இருக்கலாம். லினக்ஸில் ஒவ்வொரு பயனரின் சாவியும் அவரவர் வீட்டுக் கோப்புறையில் இருந்தால் போதும். விண்டோஸிலோ, நிர்வாகிகள் குழுவைச் சேர்ந்த எவருக்கும் வீட்டுக் கோப்புறையிலுள்ள சாவிக் கோப்பு பார்க்கப்படுவதேயில்லை. சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டாவின் எஸ்எஸ்எச் கோப்புறையில், 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஓதரைஸ்ட்_கீஸ்' என்ற கோப்பிலேயே சாவி இருக்க வேண்டும். நோட்பேட்டில் சேமித்தால் பெயரின் பின்னால் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள். அனுமதிகளும் முக்கியம்: நிர்வாகிகள் குழுவுக்கும் சிஸ்டம் கணக்குக்கும் மட்டுமே அணுகல் இருக்க வேண்டும், சாதாரணப் பயனருக்கும் அனுமதி இருந்தால், சேவையகம் அக்கோப்பைப் புறக்கணித்து மீண்டும் கடவுச்சொல்லையே கேட்கும்.

கேள்வி (அக்கரைப்பற்று): வீட்டிலிருந்து அலுவலக விண்டோஸ் புரோ கணினியைப் பார்க்க, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டொப்புக்குரிய 3389 ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்துக்குத் திறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுவதும் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. கடவுச்சொற்களை ஓயாமல் முயன்று பார்ப்பதே அவற்றின் வேலை. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று சிலர் கூறுவதை நான் ஏற்பதில்லை. இரு முனைகளிலும் வயர்கார்டு (மறைகுறியாக்கிய தனி இணைப்பை உருவாக்கும் விபிஎன் மென்பொருள்) அமைத்து, அந்தச் சுரங்கத்தினூடாக மட்டும் ரிமோட் டெஸ்க்டொப்பை அனுமதியுங்கள். அலுவலகத்தில் 4ஜி ரவுட்டர் இருந்தால் வெளியிலிருந்து நேரடியாக அணுகத்தக்க பொது ஐபி முகவரி கிடைக்காமல் போகலாம். அப்போது இரு முனைகளும் வெளிநோக்கி இணையத்தக்க சிறிய வாடகைச் சேவையகமொன்று நடுவில் தேவைப்படும்.

கேள்வி (வாழைச்சேனை): விண்டோஸில் எழுதி அனுப்பிய ஷெல் நிரல் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) லினக்ஸில் ஓட மறுக்கின்றது.

பதில்: வரி முடிவுக் குறியே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் இரண்டு குறிகளை இடுகின்றது; லினக்ஸ் ஒன்றையே எதிர்பார்க்கின்றது. 'டொஸ்2யுனிக்ஸ்' கருவியால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): மின்வெட்டுக்குப் பின்னர் அணைந்தே கிடக்கும் கணினியை எவ்வாறு எழுப்புவது?

பதில்: பயோஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போது திறக்கத்தக்க அடிப்படை அமைப்புத் திரை), மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கும் தெரிவை இயக்கிவையுங்கள். வலையமைப்பு வழியாகக் கணினியை எழுப்பும் வேக் ஒன் லேன் முறைக்கு, அதே வலையமைப்பில் விழித்திருக்கும் இன்னொரு கருவி வேண்டும். மின்வெட்டில் அதுவும் அணைந்திருக்கும் என்பதால் முதல் வழியே மேல்.